நீண்ட தங்கலா, இரண்டு பயணமா? வெளிநாட்டில் தத்தெடுக்கக் கிளம்புமுன் போட வேண்டிய கணக்கு

ஏஜென்சி மூன்று நாடுகளைச் சொல்லியிருக்கும். ஒன்றில் ஒன்றரை மாதம் தங்க வேண்டும். இன்னொன்றுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். மூன்றாவதில் பத்து நாளில் குழந்தையோடு திரும்பிவிடலாம். எதை எடுப்பது? வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க முடிவெடுத்த தம்பதிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். திணறும்போது முதலில் செய்வது விமான டிக்கெட் விலையைக் கூட்டிக் கழிப்பது. இந்தக் கணக்கில் டிக்கெட் சின்ன எண்.

பெரிய எண் காத்திருப்பு. எந்த நாடானாலும் நீதிமன்றம், புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று வாரக்கணக்கில் காகிதம் நகர்ந்தே ஆக வேண்டும். அந்த வாரங்களை யார் சுமப்பது என்பதில்தான் ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் வித்தியாசம். நீண்ட தங்கலில் பெற்றோர் சுமக்கிறார்கள்: சம்பளமில்லா விடுப்பு, வாடகை அறை, பழகாத ஊர். இரண்டு பயண முறையில் அதே வாரங்களைக் காப்பகத்தில் இருக்கும் குழந்தை சுமக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

## முதலில், உங்கள் கையில் இல்லாதவை

1993 மே 29 அன்று கையெழுத்தாகி, 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் ஹேக் தத்தெடுப்பு ஒப்பந்தத்தில் இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. பயணத் திட்டத்தைத் தொடும் விதிகள் அதில் மூன்று.

விண்ணப்பம் நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் நாட்டின் மத்திய ஆணையம் (தத்தெடுப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) வழியாகத்தான் போக வேண்டும் (விதி 14). குடியுரிமை எந்த நாட்டுடையது என்பது இங்கே கேள்வி இல்லை. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்பதும் நீங்கள் தகுதியானவர்கள் என்பதும் முடிவாகும் முன், குழந்தையின் பெற்றோரையோ பராமரிப்பவரையோ நீங்கள் தொடர்புகொள்ளக் கூடாது (விதி 29). உறவுக்குள் தத்தெடுப்பதும், அந்த நாட்டு ஆணையமே நிபந்தனையோடு அனுமதிப்பதும் மட்டும் விலக்கு. குழந்தை நாடு விட்டு நாடு வரும்போது கூடுமானவரை தத்தெடுப்பவர்களோடு வர வேண்டும் (விதி 19).

ஆகவே "முதலில் ஒரு எட்டுப் போய்க் காப்பகத்தைப் பார்த்துவிட்டு வருவோம்" என்பது ஒரு வழியே இல்லை. சுற்றுலா விசாவில் போய் உள்ளூர் வக்கீல் மூலம் நீதிமன்ற ஆணை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆணை கிடைத்துவிடலாம், குழந்தைக்கு விசா கிடைக்காது. அமெரிக்காவில் இது எழுத்திலேயே இருக்கிறது: ஹேக் நாட்டுக் குழந்தைக்கான ஐ-800 மனுவுக்கு முன்கூட்டிய ஒப்புதல் வருவதற்குள் தத்தெடுப்பை முடித்துவிட்டால் அந்த மனு நிராகரிக்கப்படும். சட்டப்படி உங்கள் பிள்ளை, ஆனால் அழைத்துவர முடியாத பிள்ளை என்ற நிலையில் போய் நிற்பீர்கள்.

பயணம் எத்தனை, எத்தனை நாள் என்பதைக் குழந்தையின் நாடு தீர்மானிக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுப்பது நாட்டை. அதற்குள் தம்பதிகள் பங்கிட்டுக்கொள்ள இடமிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

குழந்தையின் வயது. ஆறேழு மாதத்திலிருந்து குழந்தைக்கு முகம் பழகுகிறது, அந்நியரைக் கண்டால் அழுகிறது. அதிலிருந்து மூன்று வயது வரை, பழகிய ஆள் வந்து வந்து மறைவது மிகக் கடினம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காலண்டரைக் காட்டி "இந்த நாளில் வருவோம்" என்று சொல்லலாம். பதினான்கு மாதக் குழந்தைக்குச் சொல்ல முடியாது.

திரும்பும் தேதியின் நிச்சயம். எத்தனை நாள் என்பதைவிட அந்த எண் எவ்வளவு நெகிழும் என்பது முக்கியம். நிச்சயமான 40 நாளுக்குத் திட்டமிடலாம். "20 நாள் ஆகலாம், 50 நாளும் ஆகலாம்" என்பதுதான் வேலையையும் சேமிப்பையும் தின்னும்.

ஒரு நாளின் விலை. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, மொழிபெயர்ப்பாளர், இருவரும் இழக்கும் சம்பளம், இந்த ஐந்தையும் கூட்டினால் அங்கே ஒரு நாள் கழிக்க ஆகும் செலவு வரும். இரண்டாம் பயணத்துக்கான டிக்கெட், விசா, போக்குவரத்துச் செலவை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 18 என்றால், இரண்டு பயணத்தில் கழியும் மொத்த நாட்களைவிட 18 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கவைக்கும் நாடு பணத்தில் நட்டம், அதற்குக் கீழே லாபம். இருவருக்கும் சம்பளத்தோடு கூடிய தத்தெடுப்பு விடுப்பு இருந்தால் நீண்ட தங்கல் சட்டென்று மலிவாகிவிடும். விடுப்பு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்தா, இறுதி ஆணையிலிருந்தா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை உண்டா. இருந்தால் விடை பெரும்பாலும் அதை ஒட்டியே அமையும்.

இடையில் சட்டம் மாறினால். ரஷ்யா 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கர்களுக்குக் கதவை மூடியது. எத்தியோப்பியா 2018 ஜனவரியில் எல்லா வெளிநாட்டவருக்கும் மூடியது. சீனா 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. குழந்தையின் பெயரும் புகைப்படமும் கையில் வந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களும் அதில் அகப்பட்டன. எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்ற பொருத்தம் முடிந்து குழந்தை கைக்கு வரும்வரை எத்தனை மாத இடைவெளியோ, அத்தனை மாதம் இந்த ஆபத்து தலைக்கு மேல் தொங்கும்.

| | நீண்ட தங்கல் | இரண்டு பயணம் | குறும்பயணம், இறுதி ஆணை சொந்த நாட்டில் | ஒருவர் தங்க ஒருவர் திரும்ப |
|---|---|---|---|---|
| உதாரணம் | கொலம்பியா | பல்கேரியா | பிலிப்பைன்ஸ், தாய்லாந்து | நாடு அனுமதித்தால் மட்டும் |
| அங்கே கழியும் காலம் | 4 முதல் 6 வாரம் | ஒரு வாரமளவு, சில மாதம் கழித்து மறுபடி ஒன்றிரண்டு வாரம் | ஒன்றிரண்டு வாரம் | தங்குபவருக்கு முழுக் காலம் |
| காத்திருப்பு யார் மேல் | பெற்றோர் | குழந்தை | பயணத்துக்கு முன் குழந்தை, பின் இருவரும் | தங்கும் ஒருவர் |
| மறைவான செலவு | தேதி நீளுதல் | ஆவணம் காலாவதியாதல் | வீட்டில் நீதிமன்றச் செலவு | பவர் பத்திரம், சோர்வு |
| யாருக்குப் பொருந்தும் | கைக்குழந்தை, விடுப்பு உள்ளவர்கள் | பெரிய பிள்ளை, நீண்ட விடுப்பு இல்லாதவர்கள் | ஆறு மாதக் கண்காணிப்பு பாரமில்லாதவர்கள் | வீட்டில் பள்ளிப் பிள்ளை உள்ளவர்கள் |

## நீண்ட தங்கல்

கொலம்பியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே பொறுப்பு குடும்ப நல நிறுவனமான ஐசிபிஎஃப் கையில். போய் இறங்கியதும் குழந்தையைச் சந்திக்கிறீர்கள், அன்றிலிருந்து குழந்தை உங்களோடுதான். சில நாள் ஒத்துப்போகிறீர்களா என்று பார்த்துவிட்டுச் சான்று தருகிறார்கள். அதன்பின் மனு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறது. ஆணையைத் தத்தெடுப்பவர்களில் ஒருவராவது நேரில் பெற வேண்டும். பிறகு புதிய பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட், உங்கள் நாட்டுத் தூதரகத்தில் விசா. 4 முதல் 6 வாரம் என்று வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

குழந்தை ஒரே ஒரு முறை இடம் மாறுகிறது. வீடு வருமுன்பே உங்கள் வாசனை, குரல், தூங்கவைக்கும் முறை எல்லாம் பழகிவிடுகிறது. வேறு எந்த வழியும் இதைத் தராது.

இனி கையைக் கடிக்கும் இடங்கள்.

நீதிமன்ற விடுமுறை முதலாவது. கொலம்பிய நீதிமன்றங்கள் பெரும்பாலும் டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை மூடியிருக்கும், ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் அப்படியே. டிசம்பர் முதல் வாரத்தில் போய் இறங்குகிறவர் மூன்று வாரத்தைச் சும்மா கொடுக்கிறார். எந்த நாடானாலும் டிக்கெட் எடுக்குமுன் அந்த நாட்டு நீதிமன்ற காலண்டரைப் பாருங்கள்.

அடுத்தது எழுத்துப்பிழை. ஆணையில் உங்கள் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அது பிறப்புச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே இறங்கும். தூதரகத்தில் பிடிபடும்போது நீதிமன்றத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஒன்றிரண்டு வாரம் போச்சு. அலுவலகத்தில் காகிதம் கைக்கு வந்ததும் நன்றி சொல்லிவிட்டு எழாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டை அருகில் வைத்து, பெயர், பிறந்த தேதி, ஆவண எண் மூன்றையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பதுதான் கண்ணுக்குத் தப்பும் பிழை. 4-7 என்றால் ஏப்ரலா, ஜூலையா? மாதத்தை எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது மருத்துவப் பரிசோதனை. அமெரிக்கா போகும் குழந்தைக்கு 2 வயது நிரம்பியிருந்து, காசநோய் பரவல் லட்சத்துக்கு 20 பேருக்குக் குறையாத நாடாக இருந்தால் ரத்தத்தில் காசநோய்ப் பரிசோதனை உண்டு. அதில் அறிகுறி வந்தால் மார்பு எக்ஸ்ரே. அதிலும் சந்தேகம் என்றால் மூன்று நாள் சளி மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர 8 வாரம்வரை ஆகும். தங்கலை நீட்டக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் இந்த வாய்ப்புக்காகத் தனியே ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

உங்கள் விசாவில் எத்தனை நாள் தங்கலாம், அங்கிருந்தே நீட்டிக்க முடியுமா என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொல்லியும் பார்க்காமல் போகிறவர்கள் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

## இரண்டு பயணம்

பல்கேரியாவில் முதல் பயணத்தில் குழந்தையோடு குறைந்தது 5 நாள் பழக வேண்டும் என்பது சட்டம். சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். வழக்கு சோபியா நகர நீதிமன்றத்தில் நடக்கும், நீங்கள் போக வேண்டியதில்லை. ஆணை வந்து ஆவணங்கள் தயாரானதும் இரண்டாம் பயணத்தில் அழைத்துவருகிறீர்கள். இடையில் சில மாதங்கள்.

இந்த முறையைப் பலர் "இரட்டைச் செலவு" என்று தள்ளிவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: பார்த்துவிட்டு யோசிக்க நேரம். கோப்பில் வரும் மருத்துவ அறிக்கை பல மாதம் பழையது, மொழிபெயர்ப்பும் சில இடங்களில் தடுமாறும். முதல் பயணத்தில் நீங்களே அளந்து வரலாம். தலைச் சுற்றளவை நீட்சியில்லாத டேப்பால், புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்மண்டையின் புடைப்பு வழியாக, மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். உயரம், எடை, தேதி. அசையாமல் வெளிச்சத்தில் எடுத்த நேர்முகப் புகைப்படம். குழந்தை ஒரு பொருளை எட்டி எடுப்பது, பெயர் சொன்னால் திரும்புவது, தவழ்வது அல்லது நடப்பது, சாப்பிடுவது என்று வகைக்கு இரண்டு நிமிட வீடியோ. சர்வதேசத் தத்தெடுப்பில் பழக்கமுள்ள குழந்தை மருத்துவர் இவற்றை வைத்து நிறையச் சொல்லிவிடுவார். எடுப்பதற்கு முன் காப்பகத்தில் அனுமதி கேளுங்கள். எடுத்ததைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. ஆணை வரும்வரை அது உங்கள் குழந்தை அல்ல, படத்தைப் பரப்பினால் கோப்பே நின்றுபோகலாம்.

விலை எங்கே? நிறுவனக் காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு 3 மாதத்துக்கும் உடல் வளர்ச்சி ஏறக்குறைய 1 மாதம் பின்தங்கும் என்பது இத்துறை மருத்துவர்களுக்குப் பழகிய கணக்கு. ஆறு மாத இடைவெளி என்றால் இரண்டு மாத வளர்ச்சி. அதோடு ஐந்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிய இருவர் ஆறாம் நாள் காணாமல் போகிறார்கள். கைக்குழந்தைக்கு இதை விளக்க வழியில்லை. குறைக்க மட்டும் முடியும்: உங்கள் முகங்கள் உள்ள தடித்த அட்டைப் புத்தகம், நீங்கள் இரண்டு இரவு போட்டுத் தூங்கிய துணி, குரல் பதிவு. இவற்றை விட்டுவருவதோடு, யார் எப்போது குழந்தைக்குக் காட்டுவார்கள் என்று ஒரு பராமரிப்பாளரிடம் பெயரோடு பேசிவிட்டு வாருங்கள். பொதுவாக "காட்டுங்கள்" என்று சொன்னால் அலமாரிக்குப் போய்விடும்.

மறைவான இன்னொரு செலவு காலாவதி. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, குடும்ப ஆய்வறிக்கை ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவின் ஐ-800ஏ ஒப்புதல் (நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்ற அனுமதி) 15 மாதம் செல்லும். இடைவெளி நீண்டால் புதுப்பித்து, மறுபடி நோட்டரி, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று), மொழிபெயர்ப்பு என்று முழுச் சுற்றும் வர வேண்டும். ஒரே தாளில் எல்லா ஆவணங்களையும் முடியும் தேதிப்படி வரிசைப்படுத்தி எழுதிவையுங்கள், முதலில் முடிவது மேலே. முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பைத் தொடங்குவது பாதுகாப்பு.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை, அல்லது கோப்பில் மருத்துவக் கேள்வி இருக்கும் பிள்ளை என்றால் இரண்டு பயணமே நல்லது. பெரிய பிள்ளைக்கும் உங்களைப் பார்த்து யோசிக்க நேரம் வேண்டும். அதையும் அந்தப் பிள்ளையின் உரிமையாக வைத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்கு, வேறு வழி இருக்கும்போது, இதைப் பரிந்துரைப்பது கடினம்.

## குறும்பயணம், இறுதி ஆணை வீட்டில்

பிலிப்பைன்ஸில் பொறுப்பு 2022ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய தேசியக் குழந்தைப் பராமரிப்பு ஆணையத்திடம். விசா தயாரான பிறகு நீங்கள் நேரில் போய்க் குழந்தையை அழைத்துவருகிறீர்கள். ஆறு மாதச் சோதனைப் பராமரிப்பு உங்கள் வீட்டில், சமூகப் பணியாளரின் கண்காணிப்பில். அதன் பிறகே உங்கள் ஊர் நீதிமன்றத்தில் இறுதித் தத்தெடுப்பு. தாய்லாந்தும் ஏறக்குறைய இதே மாதிரி. பாங்காக்கில் தத்தெடுப்பு வாரியத்தின் முன் நேரில் வந்து நிற்க வேண்டும், சோதனைக் காலம் முடிந்துதான் இறுதி.

பயணம் சுலபம், தேதி ஓரளவு நிச்சயம், ஏனென்றால் காகிதம் நகர்வது நீங்கள் கிளம்புவதற்கு முன். இதன் பொருள், குழந்தையின் காத்திருப்பும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது என்பது. கைக்கு வரும்போது கைக்குழந்தையாக இருப்பது அரிது.

ஆபத்து திரும்பிய பிறகு. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியில் இறுதி ஆணையைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. அமெரிக்காவில், வெளிநாட்டிலேயே தத்தெடுப்பு முடிந்து ஐஎச்-3 விசாவில் வரும் குழந்தை 18 வயதுக்குள் பெற்றோரோடு குடியேறியதுமே குடியுரிமை பெறுகிறது. ஐஎச்-4 விசாவில் வருவது அப்படி இல்லை, உள்நாட்டில் தத்தெடுப்பு முழுமையானால்தான் உண்டு. 2001 பிப்ரவரி 27 அன்று குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே 18 வயதாகிவிட்டவர்களை அது சேர்க்கவில்லை. பெற்றோர் முடிக்காமல் விட்ட ஒரு காகிதத்தால் நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள். ஆறு மாதம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து, அந்த வாரத்துக்கே வக்கீலிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

## ஒருவர் தங்க, ஒருவர் திரும்ப

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தாலோ, ஒருவருக்கு மட்டும் விடுப்பு கிடைத்தாலோ இதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். இருவரும் போவது, சந்திப்பும் மனுத் தாக்கலும் முடிந்ததும் ஒருவர் திரும்புவது. நீண்ட தங்கலின் நன்மை முழுதும் குழந்தைக்குக் கிடைக்கும், செலவு குறையும்.

இது வேலை செய்வதும் செய்யாததும் ஒரு தாளில் இருக்கிறது: பவர் ஆஃப் அட்டர்னி. திரும்புகிறவர் விமானம் ஏறுமுன், அந்த நாட்டு நோட்டரி முன், அந்த நாட்டு மொழியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆணை பெறுதல், பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா, மருத்துவ சம்மதம், குழந்தையோடு நாட்டை விட்டு வெளியேறுதல் என்று ஒவ்வொன்றும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். "எல்லா வேலைகளுக்கும்" என்ற பொதுவான வரியைப் பாஸ்போர்ட் கவுண்டரில் ஏற்காமல் திருப்பி அனுப்புவார்கள். மூன்று அசல் பிரதி வாங்குங்கள். ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு திருப்பித் தராத அலுவலகம் ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

சொல்லாத செலவு, தங்குபவரின் உடல். முதல் இரண்டு வாரம் குழந்தை இரவில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழும், பகலில் இறக்கிவிட்டால் அழும். மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல் அதோடு அலுவலகங்களுக்கும் அலைய வேண்டும். தங்குபவருக்குக் காய்ச்சல் வந்தால்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் என்ற அளவில் விடை இருந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள். மனு ஏற்கப்படும்வரை இருவரும் இருந்துவிட்டு, கடைசி வாரம் திரும்பியவரோ நம்பகமான உறவினரோ மறுபடி வந்து சேர்வது நல்ல நடுவழி. நீண்ட விமானப் பயணத்தை ஒற்றை ஆளாக, பழகி மூன்று வாரமே ஆன குழந்தையோடு செய்வது யாருக்கும் நல்லதல்ல. விமான நிலையத்தில் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் கேட்பார்கள்.

உறவினர் வந்தால் ஒரு விதி: அவர் சமைக்கலாம், துணி துவைக்கலாம், வரிசையில் நிற்கலாம். பாலூட்டுவதும் தூங்கவைப்பதும் பெற்றோர் மட்டும்.

## வேறொருவர் அழைத்துவந்து ஒப்படைப்பது

ஒரு காலத்தில் தென்கொரியாவிலிருந்து குழந்தைகள் பலர் துணையாளர் ஒருவரோடு விமானத்தில் வந்து, விமான நிலையத்திலேயே பெற்றோர் கைக்குப் போனார்கள். 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் தத்தெடுப்பைக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதும் அது முடிந்தது. இன்று யாராவது "நீங்கள் வரவே வேண்டாம், குழந்தையைக் கொண்டுவந்து தருகிறோம்" என்றால் அதை வசதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆணையம் அனுமதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாத எந்தத் தொகைக்கும் இதே பதில்தான். முறையற்ற லாபத்தை ஹேக் ஒப்பந்தத்தின் 32ஆம் விதி தடுக்கிறது. கொடுத்த பணம் பின்னால் விசா அலுவலகத்தில் உங்களுக்கு எதிரான ஆதாரமாகத் திரும்பி வரும்.

## எந்த வழியானாலும்: ஒப்படைக்கும் அந்த ஒரு மணி நேரம்

பெரும்பாலும் ஒரு சின்ன அறை, நாலைந்து பேர், கேமரா, அழும் குழந்தை. அந்தக் களேபரத்தில் கேட்க வேண்டியதை மறந்துவிடுவீர்கள். தாளில் எழுதி, அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்த்து, பராமரிப்பாளர் கையில் கொடுங்கள்.

கேள்விகள் சின்னவை. என்ன பால் பவுடர், எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு? எப்படிப் படுத்துத் தூங்கும், எங்கே தட்டினால் அடங்கும்? எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள்? பயன்படுத்திய பால் புட்டியையே கேட்டு வாங்குங்கள். கூட்டமான காப்பகங்களில் சீக்கிரம் குடிக்கட்டும் என்று நிப்பிள் துளையைப் பெரிதாக்கிவைப்பதுண்டு. நீங்கள் வாங்கிப்போன புதிய நிப்பிளில் சொட்டுச் சொட்டாக வரும், குழந்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். பால் பிடிக்கவில்லை என்று நினைத்து பிராண்டை மாற்றுவீர்கள், மறுநாள் வயிற்றுப்போக்கு. முதல் வாரம் அதே பவுடர், அதே வேகம். பிறகு பழையதில் கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்து அரைப் பங்கு என்று மெல்ல மாற்றுங்கள். துளை பெரிதான நிப்பிளில் பால் புரையேறாமல் இருக்கக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும்.

குழந்தை போட்டுவந்த துணியையோ போர்வையையோ ஒன்றைக் கேட்டு வாங்கித் துவைக்காமல் அருகில் வையுங்கள். அந்த அறையிலிருந்து அதனோடு வரும் ஒரே பழகிய வாசனை அது. விரலிடுக்கு, மணிக்கட்டு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் சிரங்குப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் துணியைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் காற்றுப்புகாமல் கட்டிவைத்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள். உடம்பை விட்டு விலகிய சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது, வாசனையும் போகாது. மருந்துக்கு மருத்துவரிடம் போவது தனி. உங்களுக்கு முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அரிக்கவில்லை என்பதால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம், குழந்தையோடு சேர்த்து வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போடுவதுதான் முறை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் ஏ பரவலாக உள்ள நாட்டுக் குழந்தையோடு முதல் 60 நாள் நெருங்கிப் பழகப்போகும் எல்லாருக்கும் அந்த ஊசியை அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2009இல் பரிந்துரைத்தது. குழந்தை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முதல் டோஸ் போட்டுவிட வேண்டும். பயணம் போகாத தாத்தா பாட்டியை இதில் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக டிக்கெட். உங்கள் திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும், குழந்தையின் டிக்கெட்டைப் பாஸ்போர்ட் அச்சாகிக் கைக்கு வந்த பிறகு எடுங்கள். புதிய பெயர் அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியேதான் டிக்கெட்டிலும் வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே மடிக்குழந்தைக் கட்டணம், பல விமான நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. தங்கலின் நடுவே இரண்டு வயது நிரம்பினால் திரும்பும்போது தனி இருக்கை வேண்டும். முன்வரிசைத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, அதை நிறுவனத்திடம் கேட்டு, குழந்தையை எடை பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கோப்பில் இருக்கும் எடை நான்கு மாதம் பழையதாக இருக்கும்.